காலையில் மட்டும் உதைத்த மாடு

கிராமத்து சுகாதார நிலையங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்களே, முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பணிக்காலத்தில் ஒரு மூட்டு நோயை எனக்கு முன்னால் கண்டுபிடித்தது ஒரு மாடு. சிவப்புக் கலப்பின மாடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எம்.பி.பி.எஸ். கிடையாது. அடக்கத்துக்காக இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அடக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை என்று என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விரல் மூட்டு வீக்கத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். காரணங்களும் மருந்துகளும் உங்கள் புத்தகங்களில் என்னைவிட ஒழுங்காகவே இருக்கின்றன. கண் முன்னால் நீட்டிய விரலை எப்படிப் பார்க்காமல் இருப்பது என்பதுதான் அவற்றில் இல்லை. அதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

அப்போது நெட்டப்பாக்கம் பக்கம் வேலை. அந்த வருட மழைக்குப் பிறகு ஊருக்கு ஊர் சிக்குன்குனியா. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், மூட்டு வலி போகாது. காலையில் நான் நாற்காலியில் உட்காரும்போதே வாசல் வரை வரிசை நிற்கும். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்பது தாராளமான கணக்கு. கை வலி என்று யார் வந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: "காய்ச்சல் வந்துச்சாம்மா?" அந்த வருடம் காய்ச்சல் வராதவர்களே ஊரில் இல்லை. வந்தது என்பார்கள். "அதான்" என்பேன். வலி மாத்திரை எழுதுவேன். என் கையில் பேனா இருந்ததே தவிர, நான் செய்தது ரப்பர் ஸ்டாம்பின் வேலை.

அந்த வரிசையில்தான் பண்டசோழநல்லூரிலிருந்து அஞ்சலாட்சி வந்தார். நாற்பது தாண்டிய பெண். மூன்று கறவை மாடுகள். கணவர் கலியபெருமாள் மூலக்குளத்தில் ஒரு கடைக்குக் காவலாளி. இரவெல்லாம் அங்கே, பகலெல்லாம் தூக்கம். மாடுகள் அவரைக் கிட்டே சேர்ப்பதில்லை. ஆகவே காலையும் மாலையும் கறப்பது, பன்னிரண்டு வீடுகளுக்கும் ஜாபர் பாய் டீக்கடைக்கும் ஊற்றுவது, எல்லாம் அஞ்சலாட்சியின் இரண்டு கைகள்தான். வீடு அந்தப் பாலில்தான் நடந்தது.

விரல்கள் வீங்கியிருக்கின்றன என்றார். பார்த்தேன். கொஞ்சம் உப்பலாகத்தான் தெரிந்தன. மடக்கச் சொன்னேன், மடக்கினார். காய்ச்சல் வந்ததா என்றேன், வந்தது என்றார். "அதான்" என்று சொல்லிப் பேனாவை எடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"காலையில மாடு ஒதைக்குது சார். சாயந்திரம் ஒதைக்க மாட்டேங்குது" என்றார்.

நகைச்சுவை உணர்வு உள்ள டாக்டருக்கு இப்படி ஒரு வாய்ப்பு வாரம் ஒருமுறைதான் கிடைக்கும். "அப்படின்னா மாட்டாஸ்பத்திரில சீட்டுப் போடணும்மா. நான் ரெண்டு காலு உள்ளதுக்கு மட்டும்தான் டாக்டரு" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அஞ்சலாட்சியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், சீட்டை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு ஏகத் திருப்தி.

அடுத்த மாதம் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். ஒவ்வொரு முறையும் பத்தரை மணிக்கு மேல்தான் அவர் முறை வரும். கையை மடக்கச் சொல்வேன், மடக்குவார். "நன்றாக மடங்குகிறது" என்று சீட்டில் எழுதுவேன். அவர் மாட்டைப் பற்றி ஏதோ தொடங்குவார். என்னிடம் மாட்டு நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது முறை அவர் போன பிறகு ஊசி அறையிலிருந்து சிஸ்டர் வந்தார். பெயரை எழுதமாட்டேன், எழுதினால் போன் செய்து திட்டுவார். குரு என்றால் தாடி வைத்த பெரிய டாக்டராக இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு வாய்த்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், எப்போதும் சிடுசிடுப்பார், கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார். அன்றும் சாத்தினார்.

"சார், அந்தக்கா மூணு தடவையும் மாட்டப் பத்தி சொல்லிச்சு. மூணு தடவையும் நீங்க சிரிக்க வச்சி அனுப்பிட்டீங்க. ஆளு சிரிச்சிட்டா அப்புறம் வாயத் தொறக்காது சார்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காய்ச்சல் மூட்டுக்கு மாட்டின் வாக்குமூலம் எதற்கு என்றேன். அவர் பதிலுக்குக் குரலைக்கூட உயர்த்தவில்லை. காலை ஐந்தரைக்கு அந்தக் கொட்டகைக்குப் போய் நின்று பாருங்கள், பிறகு பேசலாம் என்றார். இரண்டு நாள் பிகு பண்ணினேன். மூன்றாம் நாள் போனேன்.

கொட்டகையில் அஞ்சலாட்சி கறந்துகொண்டிருக்கவில்லை. ஒரு பேசினில் வெந்நீர் வைத்து, இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அதில் விட்டபடி குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு எழுந்தார். கையைக் காட்டச் சொன்னேன். பத்தரை மணிக்கு நான் பார்த்த கைகள் இவை அல்ல. அடி மூட்டுகளும் நடு மூட்டுகளும் உப்பித் தோல் மினுங்கியது. நகத்தை ஒட்டிய கடைசி மூட்டுகள் மட்டும் ஒல்லியாகவே இருந்தன. வலது கையில் எந்தெந்த மூட்டோ, இடது கையிலும் அதே மூட்டுகள். மடக்கச் சொன்னேன். பாதிவரைதான் வந்தது.

எவ்வளவு நேரம் இப்படி இருக்கும் என்று கேட்டேன். நிமிடக் கணக்கு அவருக்கு வரவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொன்னார்:

"ஆறரை பஸ்ஸு போற வரைக்கும் இந்தக் கை என்னுது இல்ல சார்."

ஐந்து மணிக்கு எழுபவர் அவர். ஒன்றரை மணி நேர விறைப்பு. நான் மூன்று மாதமாகக் கேட்காத கேள்விக்கு மிகத் துல்லியமான பதில். இவ்வளவு நாளாக அவருடைய கை இளகிய பிறகே நான் அதைப் பார்த்து, நன்றாக மடங்குகிறது என்று எழுதியிருக்கிறேன்.

மாட்டின் விஷயமும் அங்கேயே விளங்கியது. அவர் கட்டைவிரலை மடக்கிக் காம்பை அணைத்துக் கறப்பவர். காலையில் விரல் மடங்காததால், வேறு வழியில்லாமல் விரல் நுனியால் கிள்ளி இழுத்திருக்கிறார். எந்த மாடு பொறுக்கும்? மாலையில் விரல் இளகிவிடும், மாடும் சும்மா நிற்கும். கை குலுக்குவதுபோல அவருடைய அடி மூட்டுகளைச் சேர்த்து லேசாக அழுத்திப் பார்த்தேன். அவர் துடித்துக் கையை இழுக்க, மாடு மிரள, என் முழங்காலுக்குக் கீழே ஓர் உதை விழுந்தது. நோய் உறுதியாகிவிட்டது. இரண்டு வாரம் நொண்டினேன். வரிசையில் யார் கேட்டாலும் காய்ச்சல் மூட்டு என்று சொல்லிவிட்டேன்.

முடக்குவாதம்தான். காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டு வலியும் சில மாதம் இதேபோல நடிக்கும், அதனால்தான் ஏமாறுகிறோம். அது குறையாமல் வாரக்கணக்கில் நீடித்தால், இரண்டு கையிலும் ஒரே மூட்டுகள் வீங்கினால், காலை விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், மூட்டு மருத்துவரிடம் அனுப்பத் தாமதிக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் கையை நம்புங்கள். முதல் சில மாதங்களில் மருந்து ஆரம்பித்தால் மூட்டு பிழைக்கும். கோணிய பிறகு நேராக்க நம்மிடம் மாத்திரை இல்லை. வெறும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் எழுதினால் வலி மட்டும் மறையும், அடியில் மூட்டு அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், வயிறும் சிறுநீரகமும் உபரியாகக் கெடும். நான் எழுதியது அதைத்தான்.

வீங்கிய விரல் எல்லாமே இது என்றும் கிளம்பிவிட வேண்டாம். நகத்தை ஒட்டிய மூட்டில் கெட்டியான முடிச்சு, வேலை செய்யச் செய்ய வலி என்றால் அது பெரும்பாலும் தேய்மானம்; வெந்நீர், பயிற்சி, கொஞ்சம் களிம்பு, நிறைய ஆறுதல் வார்த்தை. நகத்தில் குண்டூசிக் குழிகளும் தலையில் செதிலும் இருந்தால் சொரியாசிஸ். திடீரென்று ஒரே மூட்டு சிவந்து, போர்வை பட்டாலே அலறினால் யூரிக் அமிலமாக இருக்கலாம். கடலோரம் நல்லவாட்டுப் பக்கம் வேலை கிடைத்தால், ஒற்றை விரல் வீங்கி வருபவரிடம் மீன் முள் குத்தியதா என்று கேளுங்கள். சூடும் சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்தால் அது சீழ். அன்றைக்கே அனுப்ப வேண்டும். எதைக் கேட்டாலும் மணியில் கேட்காதீர்கள். ஜடை பின்ன முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, எந்த பஸ் போகும்போது கை திறக்கிறது என்று கேளுங்கள்.

அஞ்சலாட்சியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வாரம் ஒரே ஒருநாள் சாப்பிடும் மாத்திரை கொடுத்தார்கள், வேறொரு நாளைக்கு ஒரு வைட்டமின் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அந்த வார மாத்திரையைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், சிஸ்டர் அவரை எதிரில் உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று பள்ளிப் பிள்ளையைப்போல ஒப்பிக்கவைத்தார். எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்று நான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

ஒரு மாதம் அரசு மருந்தகத்தில் மாத்திரை இல்லை. அவர் வெளியில் ஒரு மருந்துக்கடையில் கேட்டிருக்கிறார். கவுண்டரில் நின்றவர் அட்டையைப் புரட்டிப் பார்த்து, இது கேன்சருக்குக் கொடுப்பதாயிற்றே, யாருக்கு என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை. அதே மருந்து பெரிய அளவில் அதற்கும் பயன்படுகிறது. ஆனால் அஞ்சலாட்சிக்குப் பின்னால் பண்டசோழநல்லூர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: அஞ்சலாட்சிக்குக் கேன்சர், கையெல்லாம் கேன்சர் மருந்து, அந்தக் கையால்தான் பால் கறக்கிறாள்.

பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீடு பாலை நிறுத்தியது. நான்காம் நாள் டீக்கடையும் நிறுத்தியது.

ரத்தப் பரிசோதனைக்கு ஆள் வராததைக் கண்டுபிடித்ததும் சிஸ்டர்தான். ஆளனுப்பினோம். அஞ்சலாட்சி வந்து, மாத்திரை அட்டையை என் மேசைமேல் வைத்தார். இரண்டு ஞாயிறு சாப்பிடவில்லை.

"இது வேணாம் சார். கையி போனா போவுது. பாலு போனா வூடு போயிடும்" என்றார்.

நான் பேசினேன். கால் மணி நேரம் பேசினேன். அளவு வேறு, நோய் வேறு, மாத்திரையை எடுத்த பிறகு கையைக் கழுவினால் போதும், பாலுக்கு ஒன்றும் ஆகாது, மாத்திரையை விட்டால் விரல் கோணிக்கொள்ளும், அப்புறம் கறக்கவே கை இருக்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "எனக்குச் சொல்றீங்க சார், புரியுது. ஊருக்கு யாரு சொல்றது?"

மருந்துக்கடையில் இப்படிச் சொல்வார்கள் என்பதை நான்தான் அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இந்த மாத்திரையை எழுதும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "கேன்சர் மாத்திரைன்னு யாராவது சொல்லுவாங்க, அது இன்னான்னு நானே சொல்றேன் கேளுங்க" என்று. வதந்திக்கு முன்னால் நாம் போய்ச் சேர வேண்டும். பின்னால் போனால் எவ்வளவு பேசினாலும் அது சமாளிப்பாகத்தான் கேட்கும்.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு சிஸ்டர் கதவைச் சாத்தினார்.

"நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க சார். குடிச்சா நம்புவாங்க."

"சிஸ்டர், எனக்குப் பாலு..."

"தெரியும் சார்" என்றார். அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அரை டம்ளர் போதும், பத்தே நிமிடத்தில் வயிற்றுக்குள் தவில் கச்சேரி ஆரம்பித்துவிடும். ஜாபர் பாய் கடையில் நான் போன உடனே பால் போடாத டீ வந்துவிடும், கேட்கவே மாட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடைக்குப் போனேன். அஞ்சலாட்சியைப் பால் கேனோடு வந்து நிற்கச் சொல்லியிருந்தேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். ஜாபர் பாய் என்னை ஓரமாக அழைத்துப் போனார். அவர் முகத்தில் நிஜமான சங்கடம்.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். எத்தினி வருஷமா நான் குடிக்கிற பாலு. வர்றவன் கிளாஸ மோந்து பாத்துட்டு வச்சிட்டுப் போறான், நான் இன்னா பண்ணட்டும்?"

கேனை வாங்கி அவர் அடுப்பிலேயே காய்ச்சச் சொன்னேன். காய்ச்சினார். பெரிய கிளாஸில் ஆற்றி என் கையில் கொடுத்தார். எல்லோரும் பார்க்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். ருசியான பால். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு பேசினேன், இந்த முறை அரை நிமிடம்தான். வயலில் பெய்கிற மழையும் வெள்ளமாக வருகிற மழையும் ஒரே தண்ணீர், அளவுதான் வேறு. இந்தம்மாவுக்கு இருப்பது மூட்டு வாதம், ஒட்டாது, பாலில் கலக்காது என்றேன். தலைகள் ஆடின. சரி, தப்பித்தோம் என்று எழுந்தேன். மூலையில் பீடியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "இன்னொரு கிளாஸு குடிப்பீங்களா சார்?"

இரண்டாவது கிளாஸையும் குடித்தேன்.

நெருக்கடியில் முடிவெடுப்பதைப் பற்றி உங்களுக்கு வகுப்புகள் நடத்துகிறார்களாம். நான் அன்று கற்றதை எந்த வகுப்பிலும் நடத்த முடியாது. தவில் ஆரம்பித்துவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடையிலிருந்து ஓடினால், அஞ்சலாட்சியின் பால் டாக்டரையே சாய்த்துவிட்டது என்று அரை மணி நேரத்தில் மங்கலம் வரை செய்தி போய்விடும். அந்தப் பெண்ணுடைய கைகளும் வீடும், அடுத்த சில நிமிடம் என் முகம் எப்படி இருக்கிறது என்பதில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆகவே சிரித்தேன். கரும்பு விளைச்சலைப் பற்றிக் கேட்டேன். பீடிக்காரருடைய மருமகளின் பிரசவத்தை விசாரித்தேன். அவர் விவரமாகச் சொன்னார், மிக விவரமாகச் சொன்னார். அஞ்சலாட்சி கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ஊர்வலத்தில் போகிற சாமியைப்போல மெதுவாக, ஸ்கூட்டர் வரை நடந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் சாலை ஓரத்தில் ஆளுயரக் கரும்பு. அந்தக் கரும்புத் தோட்டத்தின் சொந்தக்காரர் யாரென்று இன்றுவரை தெரியாது. அவருக்கு என் நன்றி.

நிலையத்துக்கு வந்தால் என் மேசைமேல் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்று இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. ஒரு நாளில் ஊர் நம்பாது என்பதால் இன்னும் நான்கு காலைகள் குடித்தேன். நான்கு காலையும் மேசைமேல் பாக்கெட் இருந்தது. ஆறாம் நாள் ஜாபர் பாய் பழையபடி அஞ்சலாட்சி பாலிலேயே கடை நடத்தினார். எனக்குப் பால் போடாத டீயைக் கொடுத்தார். வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அடுத்த ஞாயிறு அஞ்சலாட்சி மாத்திரை சாப்பிட்டார்.

அந்த மருந்து உடனே கேட்காது, இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாம் மாதம் வந்தபோது நான் கையைப் பார்ப்பதற்கு முன், மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலையிலும் சும்மா நிற்பதாகச் சொன்னார். பஸ் வருவதற்குள் மூன்று மாட்டையும் கறந்துவிடுகிறாராம். நான் எந்த ஜோக்கும் சொல்லவில்லை. ஊசி அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

சில வருடங்கள் கழித்து என் பணி ஓய்வு நாளில் சால்வைகள் போட்டார்கள், என்னைப் பற்றி எனக்கே தெரியாத நல்ல குணங்களை எல்லாம் பேசினார்கள். அஞ்சலாட்சி கடைசியில் வந்து ஒரு மண்சட்டியை நீட்டினார். கெட்டித் தயிர். சட்டியைப் பிடித்திருந்த விரல்கள் பத்தும் நேராக இருந்தன.

பால் கொண்டு வருவீர்கள் என்று பயந்துபோய் இருந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பாலு உங்களுக்கு ஆவாதுன்னு அன்னிக்கே தெரியும் டாக்டரு. கன்னுக்குட்டிக்குக் கழியறப்ப மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

தோளில் கிடந்த சால்வைகளை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஆவாத பாலையே அஞ்சு நாளு குடிச்சாரு, ஆவுற மாத்திரைய நாம முழுங்க மாட்டமான்னுதான் அப்புறம் விடாம சாப்புட்டேன்" என்றார். ஊர் நம்பியதா இல்லையா என்பதற்கும் முன்னால், அவர் மனதில் முடிவாகியிருக்கிறது.

சிஸ்டர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார். உங்களில் யாராவது ஒருவருக்கு அவர் வாய்ப்பார். கதவைச் சாத்தினால் உட்கார்ந்து கேளுங்கள்.

சட்டியைக் கையில் கொடுத்துவிட்டு அஞ்சலாட்சி இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "தயிரு ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒரேடியா சாப்புடாதீங்க, தெனம் ரெண்டு கரண்டி" என்றார். வாரத்துக்கு ஒரு சட்டி இப்போதும் வருகிறது. சொன்ன அளவைத் தாண்டாமல் சாப்பிட்டு வருகிறேன்.